கோவையா, கொச்சியா, பெங்களூரா: மலையிலிருந்து வெளிநாடு போக எந்த டிக்கெட்?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் வெளிநாடு போக வேண்டுமென்றால் முதலில் மலையிறங்க வேண்டும். எந்த நிறுவனத்தில் டிக்கெட் எடுத்தாலும் பர்லியாறு வளைவுகளில் தள்ளுபடி கிடையாது. பெருநகரத்தில் இருப்பவர்கள் எழுதும் விமான நிறுவன ஒப்பீடுகள் நமக்குப் பாதிதான் உதவும். நம் கணக்கில் டாக்சி உண்டு, ஐப்பசி மழை உண்டு, இரவில் மூடும் பந்திப்பூர் கேட் உண்டு.

தேயிலை வியாபாரத்துக்காகத் துபாய்க்கும் ஹாம்பர்க்குக்கும் போய் வருகிறவன் நான். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் ஓய்வுபெற்றுத் தங்கிவிட்ட ராணுவ அதிகாரி ஒருவர், மெல்போர்னில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய் வரும் குன்னூர் பெட்ஃபோர்டு கடைக்காரர் ஒருவர், இப்படி அடிக்கடி பறக்கும் நண்பர்கள் இங்கே சிலர் உண்டு. பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும். பார்ட்னர் விமானங்களை நம்பிக் கோவையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக வாங்குவதா, இல்லை கொச்சிக்கோ பெங்களூருக்கோ காரில் போய் ஒரே நிறுவனத்தில் ஏறிவிடுவதா?

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைல்களை, அதாவது பறப்பதற்காக நிறுவனங்கள் நம் கணக்கில் ஏற்றும் பரிசுப் புள்ளிகளை, பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் விமானம் தாமதமானால் கடைசி ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

பார்ட்னர் என்று எதைச் சொல்கிறார்கள்?

நிறுவனங்கள் இந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. உள்ளே நான்கு விதமான உறவுகள் இருக்கின்றன.

முதலாவது, பெரிய கூட்டணி. 1997-இல் லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா, தாய், எஸ்.ஏ.எஸ். ஆகிய ஐந்தும் சேர்ந்து ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கின. ஏர் இந்தியா அதில் 2014 ஜூலையில் சேர்ந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஸ்ரீலங்கன், மலேசியா ஆகியவை ஒன்வேர்ல்டு. ஏர் பிரான்ஸும் கே.எல்.எம்.மும் ஸ்கைடீம். எமிரேட்ஸ், எதிஹாட், நம்ம இண்டிகோ மூன்றும் எந்தக் கூட்டணியிலும் இல்லை.

இரண்டாவது, கோட்ஷேர். ஒருவர் டிக்கெட் விற்பார், இன்னொருவர் விமானம் ஓட்டுவார். டிக்கெட்டில் இருக்கும் எண் விற்றவருடையது. அதன் அடியில் பொடி எழுத்தில் 'இயக்குபவர்' என்று ஒரு வரி இருக்கும். முழு டிக்கெட்டிலும் முக்கியமான வரி அதுதான்.

மூன்றாவது, பயணப் பெட்டியைக் கைமாற்றிக்கொள்ளும் உடன்பாடு. இதில் பெட்டி கடைசி வரை போகும், ஆனால் மைல் சேரும் என்று எண்ண வேண்டாம். நான்காவது, மைல் மட்டும் சேரும் உறவு. இதில் மைல் ஏறும், ஆனால் லவுஞ்சுக்குள் (விமான நிலைய ஓய்வுக்கூடம்) விட மாட்டார்கள்.

தேர்தல் கூட்டணி மாதிரிதான் இதெல்லாம். மேடையில் எல்லோரும் கைகோத்து நிற்பார்கள், தொகுதியில் யார் வேலை பார்ப்பார்கள் என்பது வேறு கதை. ஒருமுறை கோவையில் ஏறிய உள்நாட்டு விமானம் தாமதமாகி, எனக்கு அடுத்த விமானம் தவறிவிட்டது. விற்ற நிறுவனத்தின் மேசையில் "ஓட்டுகிறவரைக் கேளுங்க" என்றார்கள். ஓட்டும் நிறுவனமோ "டிக்கெட் கொடுத்தவர்தான் மாத்தணும்" என்று திருப்பி அனுப்பியது. நள்ளிரவில் இரண்டு மேசைக்கும் நடந்தேன். ஆனாலும் ஒரே டிக்கெட்டாக இருந்ததால், காலையில் வேறு விமானத்தில் இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது, காசு கேட்கவில்லை. தனித்தனி டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்துக்கு அன்றைய விலையில் நானே புதிதாக வாங்கியிருக்க வேண்டும். பார்ட்னர் டிக்கெட்டின் சங்கடமும் அதன் பலமும் அந்த ஒரே இரவில் தெரிந்தன.

கோவையிலிருந்து சிங்கப்பூர் வழி

குன்னூரிலிருந்து கோவை விமான நிலையம் சுமார் 70 கி.மீ. போக்குவரத்து நெரிசல் இல்லாவிட்டால் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து நேரடி வெளிநாட்டுச் சேவைகள் சொற்பம்: சிங்கப்பூர், சார்ஜா, அபுதாபி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், கிழக்காசியா போகிறவர்களுக்கு இதில் சிங்கப்பூர் தங்கமான வழி.

சிங்கப்பூருக்கு முன்பு சில்க்ஏர் வந்துகொண்டிருந்தது. 2019-இல் அந்த வழி ஸ்கூட் கைக்குப் போனது. ஸ்கூட் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம், மலிவுக் கட்டண விமானம். இங்கேதான் டிக்கெட்டை எப்படி வாங்குகிறோம் என்பது முக்கியமாகிறது. கோவையிலிருந்து மெல்போர்ன் வரை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் டிக்கெட்டாக எடுத்தால், கோவையில் ஏறுவது ஸ்கூட் விமானமாக இருந்தாலும் பெட்டியும் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம். பெட்டி நேரே மெல்போர்னில் வந்து இறங்கும். அதே பயணத்தை ஸ்கூட் தளத்தில் ஒரு டிக்கெட், சிங்கப்பூரிலிருந்து இன்னொரு டிக்கெட் என்று பிரித்து வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாகும், கூடவே இரத்தக் கொதிப்பும் வரும்.

ஸ்கூட் ஸ்டார் அலையன்ஸில் இல்லை என்பதையும் மனதில் வைக்க வேண்டும். வெலிங்டன் நண்பர், அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் ஸ்டார் அலையன்ஸ் கோல்டு அட்டை வைத்திருப்பவர். அந்த அட்டை சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்குப் பேசும், கோவை விமானத்துக்குப் பேசாது.

திரும்பி வரும்போதுதான் இந்த வழியின் அருமை தெரியும். சிங்கப்பூரிலிருந்து நேராகக் கோவை, குடியேற்றமும் சுங்கமும் அங்கேயே முடிந்துவிடும். மும்பை, டெல்லி வழியாக வந்தால் முதலில் இறங்கும் இந்திய நகரத்தில் பெரும்பாலும் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் போட வேண்டும். நீண்ட பயணத்துக்குப் பிறகு விடியற்காலையில் அந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் சிங்கப்பூர் வழிக்கு ஓட்டுப் போடுவார்கள்.

ஏர் இந்தியாவும் அதன் கூட்டாளிகளும்

ஐரோப்பா, அமெரிக்கா போக வேண்டுமென்றால் சிங்கப்பூர் வழி சுற்று. கோவையில் ஏறி மும்பை அல்லது டெல்லியில் மாறி, அங்கிருந்து ஏர் இந்தியாவிலோ லுஃப்தான்சாவிலோ போகலாம். 2024 நவம்பர் 12-இல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்த பிறகு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கும் ஏர் இந்தியாவில் 25.1 சதவீதப் பங்கு வந்துவிட்டது. ஏர் இந்தியாவின் பழைய ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் மைல் திட்டத்துக்கு இப்போது மகாராஜா கிளப் என்று பெயர்.

போகும்போது இது வசதியான வழி. கோவையில் பெட்டியைப் போட்டால் ஹாம்பர்க்கில் எடுக்கலாம். டெல்லியில் பெரும்பாலும் மூன்றாவது முனையம், மும்பையில் இரண்டாவது முனையம்: ஏர் இந்தியாவின் உள்நாட்டு விமானத்திலிருந்து வெளிநாட்டு விமானத்துக்கு மாற ஊர் சுற்ற வேண்டாம். மூன்று மணி நேர இடைவெளி இருந்தால் போதும் என்று நிறுவனம் சொல்லும். நான் குறைந்தது நான்கு வைப்பேன். டெல்லியில் மார்கழி, தை மூடுபனி என்றால் டெல்லியையே விட்டுவிட்டு மும்பை.

ஒரு பயணத்தில் ஏறும் மூன்று விமானத்தில் இரண்டு ஒருவருடையது, ஒன்று இன்னொருவருடையது என்றால் பி.என்.ஆர். எண்ணும் இரண்டு இருக்கும். விற்றவர் கொடுக்கும் எண்ணைப் போட்டால் ஓட்டுகிறவரின் தளம் பல நேரம் திறக்காது. டிக்கெட் வாங்கிய அன்றே விற்றவரைக் கூப்பிட்டு "இயக்குபவரோட பி.என்.ஆர். சொல்லுங்க" என்று வாங்கிவிட வேண்டும். இருக்கை, சைவ உணவு, சக்கர நாற்காலி எல்லாவற்றையும் அந்த எண்ணை வைத்து மறுபடி உறுதி செய்ய வேண்டும். முதல் விமானத்தில் சாம்பார் சாதம், இரண்டாவதில் "சார், உங்க பேர்ல வெஜ் மீல் வரலை" என்ற பதில், இது எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் நடந்திருக்கிறது. பெட்ஃபோர்டு கடைக்காரர் கைப்பையில் எப்போதும் வர்க்கி வைத்திருப்பார். ஊட்டி வர்க்கியைவிட நம்பகமான பார்ட்னர் கிடையாது என்பது அவர் கொள்கை.

விற்றவரையும் ஓட்டுபவரையும் பிரித்துப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 என்று ஒரு சட்டம் இருக்கிறது. 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில் நிறுவனத்தின் தவறால் பெருந்தாமதமோ ரத்தோ ஆனால் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானம் என்றால் யார் ஓட்டினாலும் இது பொருந்தும். இந்தியாவிலிருந்து ஐரோப்பா போகும்போது, விமானத்தை ஓட்டுவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். டிக்கெட்டில் இருப்பது யார் எண் என்பது இதில் செல்லாது. கட்டணம் ஒன்றாக இருந்தால் போகும் பயணத்துக்கு நான் ஐரோப்பியர் ஓட்டும் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். மூடுபனி, புயல் போன்ற காரணங்களுக்கு இந்தப் பணம் கிடையாது, அறையும் சாப்பாடும் மட்டும் உண்டு.

இண்டிகோ

இண்டிகோவுக்குக் கோவையிலிருந்து விமானம் அதிகம். துருக்கிய ஏர்லைன்ஸ், கே.எல்.எம்., கத்தார் என்று கோட்ஷேர் கூட்டாளிகளும் நிறைய. ஆனால் கூட்டணி இல்லாததால் ஒவ்வொரு கூட்டாளியோடும் ஒவ்வொரு விதி. மும்பையில் உள்நாட்டு விமானம் முதல் முனையத்தில் இறங்கினால் இரண்டாவது முனையத்துக்குச் சாலை வழியாகப் போக வேண்டும். விலை நன்றாக இருந்து, எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருந்தால் எடுக்கலாம். விசுவாசத்துக்காக எடுக்க வேண்டியதில்லை.

அபுதாபி, சார்ஜாவுக்கு வேறொரு எச்சரிக்கை. கோவையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறதே, அங்கே போய் வேறு நிறுவனத்தில் தனி டிக்கெட் எடுத்து லண்டன் போகலாமே என்று பலருக்குத் தோன்றும். பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட அமீரக விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். கைப்பையோடு மட்டும் போகும் இளவட்டங்கள் செய்யட்டும், குடும்பத்தோடு வேண்டாம்.

கொச்சியும் வளைகுடா நிறுவனங்களும்

கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி குன்னூரிலிருந்து ஏறக்குறைய 240 கி.மீ. குதிரான் சுரங்கம் திறந்த பிறகு பாலக்காடு, திருச்சூர் பாதை முன்னைவிட எளிது. எமிரேட்ஸ், எதிஹாட், கத்தார் மூன்றும் அங்கே வருகின்றன. துபாயிலோ தோகாவிலோ ஒரே மாற்றம், முழுக்க ஒரே நிறுவனம், ஒரே பி.என்.ஆர். எந்த மேசைக்குப் போவது என்ற கேள்வியே எழாது. எதிஹாடில் அமெரிக்கா போகிறவர்களுக்கு அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும். நியூயார்க்கில் இறங்கினால் உள்ளூர்ப் பயணி மாதிரி வெளியே நடந்து வரலாம்.

இதன் விலை டாக்சியில் இருக்கிறது. போக வர ஆகும் கார் வாடகையையும் ஆறு மணி நேரச் சாலைப் பயணத்தையும் சேர்த்துப் பார்த்தால், தனியாகப் போகிறவருக்குக் கோவை டிக்கெட் கொஞ்சம் அதிக விலையில் இருந்தாலும் கட்டும். நான்கு பேர் குடும்பமாகப் போனால் கொச்சிதான் மலிவு. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கரிப்பூர் (கோழிக்கோடு விமான நிலையம்) கிட்டத்தில் இருக்கும்போது, வளைகுடா போக அவர்கள் குன்னூர்ப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை.

பெங்களூரு

கூட்டணி மைல் சேர்க்கிறவர்களின் சொர்க்கம் பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையம். லுஃப்தான்சா, சிங்கப்பூர், தாய் ஒரு பக்கம், பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஜப்பான் ஏர்லைன்ஸ் இன்னொரு பக்கம், ஏர் பிரான்ஸ், கே.எல்.எம். மூன்றாவது பக்கம். 2023 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் புதிய இரண்டாவது முனையத்தில்.

ஊட்டியிலிருந்து முந்நூறு கி.மீ. என்பது ஒரு பிரச்சினை இல்லை. பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருப்பதுதான் பிரச்சினை. ஐரோப்பிய விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல் கிளம்புகின்றன. நண்பகலுக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி, மைசூர் தாண்டி, பெங்களூரு மாலை நெரிசலில் மாட்டி, விமான நிலையத்தில் நான்கைந்து மணி நேரம் உட்கார வேண்டிவரும். திரும்பும்போது பரவாயில்லை. நள்ளிரவுக்கு மேல் இறங்கினால் குண்டல்பேட்டையில் காபி குடிக்கும் நேரத்துக்குக் கேட் திறந்திருக்கும். ஓட்டுநர் தூங்கினாரா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வியாபார வகுப்பில் போகிறவர்கள், கோல்டு அட்டைக்கு அருகில் இருப்பவர்கள் இந்தப் பாட்டைப் படலாம். மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மைலை எந்தக் கணக்கில் போடுவது?

ஒரு பயணத்துக்கு ஒரு கணக்கில்தான் மைல் ஏறும். ஏர் இந்தியாவில் பறந்தாலும் அதைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் கணக்கில் போடலாம், ஒரே கூட்டணி. டிக்கெட்டின் கட்டண வகுப்பு எழுத்தைப் பொறுத்து எவ்வளவு ஏறும் என்பது மாறும். மலிவான வகுப்பில் பறந்த தூரத்தில் பாதிதான் சேரும், சில வகுப்புகளில் ஒன்றும் சேராது. வாங்குவதற்கு முன் அந்த எழுத்தைப் பாருங்கள்.

கோல்டு நிலை இருந்தால் கூடுதலாக 20 கிலோவோ ஒரு பெட்டியோ, லவுஞ்சு, முன்னுரிமை எல்லாம் கிடைக்கும். கிரிஸ்ஃப்ளையரில் அதற்கு 12 மாதத்தில் 50,000 மைல் வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை மலிவு டிக்கெட்டில் போகிறவருக்கு அது எட்டாக்கனி. அதைத் துரத்திக்கொண்டு விலை அதிகமான பார்ட்னர் விமானத்தில் ஏறுவது வீண். கிரிஸ்ஃப்ளையர் மைல்களுக்கு ஆயுள் 36 மாதம். கோவையிலிருந்து சிங்கப்பூர் வழி போகிறவர்களுக்கு அதுவே பொருத்தமான கணக்கு. சேர்ந்ததை அதே நிறுவனத்தின் விமானத்தில் செலவழிப்பது எளிது. பார்ட்னர் விமானத்தில் இலவச இருக்கை என்பது விளம்பரத்தில் தாராளம், தேடும்போது கஞ்சத்தனம். மைலில் வாங்கினாலும் வரியும் சில நிறுவனங்களில் எரிபொருள் கட்டணமும் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

மைல் சேராமல் போவதற்கு நம் ஊரில் பெரிய காரணம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு இனிஷியலை விரித்து அப்பா பெயர் போட்டிருக்கும், சிலருக்கு ஒரே பெயர் மட்டும் இருக்கும். படகர் வீடுகளில் பெயரோடு பெள்ளி, போஜன் என்று தாத்தா பெயரும் சேர்ந்துகொள்ளும். ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு நிறுவனம் பெயரையே இரண்டு முறை அடிக்கும், இன்னொன்று முதல் பெயர் தெரியவில்லை என்று எழுதும். பார்ட்னருக்குத் தகவல் போகும்போது கணக்கில் இருக்கும் பெயரும் டிக்கெட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாது, மைல் அந்தரத்தில் நிற்கும். கணக்கைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து திறந்துவிடுங்கள். மைல் ஏறி முடியும் வரை போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதனால் துபாய் வழி போகிறவர்களுக்கு இது மைலையும் தாண்டிய விஷயம்.

பெட்டி தொலைந்தால் கடைசியாக ஓட்டிய நிறுவனத்தின் மேசையில், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் புகார் எழுதி ரசீது வாங்க வேண்டும். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கோவைக்குத்தானே போகிறோம், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று மும்பையிலிருந்து கிளம்பி வந்துவிட்டால் கோவையில் கையை விரிப்பார்கள்.

மழை மாதமும் வயதான பெற்றோரும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எனக்கு விதி வேறு. குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ கோத்தகிரி வழி சுற்ற வேண்டும். அதற்கும் கூட்டம் கூடிவிடும். மலைச் சாலையில் ஆன தாமதத்துக்கு எந்த நிறுவனமும், எந்தப் பார்ட்னரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அந்த மாதங்களில் காலை விமானம் என்றால் முந்தின நாளே இறங்கிக் கோவையில் தங்கிவிடுவேன். தங்கும் செலவை டிக்கெட் விலையோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். கோவையிலிருந்து வண்டி வரவழைத்தால் அதற்கு இ-பாஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். உள்ளூர் 43 பதிவெண் வண்டிகளுக்கு வேண்டாம்.

பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர் தனியாகப் போகிறார்கள் என்றால் மைல், கூட்டணி எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். ஒரே மாற்றம், ஒரே நிறுவனம் அல்லது அதன் துணை நிறுவனம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தன் அம்மாவைச் சிட்னிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டபோது, "அண்ணா, மும்பை வழி முப்பதாயிரம் குறைஞ்சாலும் வேண்டாம், சிங்கப்பூர் வழியே போடுங்க" என்றேன். கோவையில் மகன் ஏற்றிவிடலாம். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி, வழி கேட்க ஆள் கிடைக்கும். சக்கர நாற்காலியை ஸ்கூட் பகுதிக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பகுதிக்கும் தனித்தனியாக உறுதி செய்யச் சொன்னேன். ஜெர்மனி, பிரிட்டன் போகும் பெற்றோருக்குக் கொச்சியிலிருந்து வளைகுடா வழி. காரில் ஆறு மணி நேரம் என்றாலும் கூடவே ஆள் இருப்பார்கள், இடையில் வடக்கஞ்சேரியில் நிறுத்தி இட்லி சாப்பிட்டுக்கொள்ளலாம்.